படகில் வந்தவர்களும் அவுஸ்திரேலியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், சனிக்கிழமை காலைகளில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து, குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வரும் கடிதங்களை வாசித்து விளக்குவது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறேன். கடிதத்தோடு வருபவர்களில் பெரும்பாலானோர் 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகில் வந்தவர்கள். அந்த அறைக்கு வெளியே, கோயிலிலும் கலியாண வீட்டிலும், யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் தொலைபேசி அழைப்புகளிலும், அவர்களைப் பற்றி என்னிடம் கேட்கப்படுபவை வேறு கேள்விகள். அவையே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைக்கிறேன். நான் நடுநிலையாளன் இல்லை. ஆனாலும் மறுபக்கத்தின் வாதம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே அதை மறைக்கவில்லை.

படகில் வந்து தஞ்சம் கேட்பது சட்டவிரோதமா?

விசா இல்லாமல் நாட்டுக்குள் இருப்பவரை அவுஸ்திரேலியக் குடிவரவுச் சட்டம் தடுத்து வைக்கச் சொல்கிறது. ஆனால் தஞ்சம் கேட்பது குற்றம் ஆகாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அவுஸ்திரேலியா 1954இல் இணைந்தது. உயிருக்கு அஞ்சி நேரே ஓடி வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தன்னை வெளிப்படுத்தும் ஒருவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. கள்ளக் கடவுச்சீட்டிலும் கட்டுமரத்திலும் தப்பி வந்த மனிதர்களைப் பார்த்த தலைமுறை எழுதிய பிரிவு அது.

2013 அக்டோபரில், அப்போதைய குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன், படகில் வருவோரை "சட்டவிரோதமாகக் கடல் வழி வந்தவர்கள்" என்று குறிப்பிடும்படி தன் திணைக்களத்துக்குப் பணித்தார். சட்டம் அன்று மாறவில்லை, சொல்தான் மாறியது. அந்தச் சொல் எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது என்பதால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

இது எப்போது தொடங்கியது?

1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமிய இளைஞர்கள் ஒரு சிறு மீன்பிடிப் படகில் டார்வின் கரையை அடைந்தார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் அப்படி வந்தார்கள். எதிர்ப்பு அப்போதும் இருந்தது. பத்திரிகைகள் படையெடுப்பு என்று எழுதின. பிரதமர் மல்கம் பிரேசர் லிபரல் கட்சிக்காரர், பழைமைவாதி. அவருடைய அரசு செய்தது இதுதான்: மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருந்த முகாம்களுக்கு அதிகாரிகளை அனுப்பி, அங்கேயே விசாரித்து, பல பத்தாயிரம் பேரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது. பாதுகாப்பான வழி ஒன்று கண்முன் இருந்தபோது, பெரும்பாலானோர் படகில் ஏற வேண்டிய தேவையே எழவில்லை. இன்றைய விவாதத்தில் இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை என்பது என் நீண்டகால வருத்தம்.

கட்டாயத் தடுப்புக்காவலைக் கொண்டுவந்தது லிபரல் கட்சிதானே?

இல்லை. 1992இல் போல் கீற்றிங்கின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது, எதிர்க்கட்சியும் ஆதரித்தது. 1989இலிருந்து வந்த கம்போடியர்கள் தங்கள் தடுப்பை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். அந்த வழக்கு விசாரணைக்கு வரவிருந்த நேரத்தில் சட்டம் நிறைவேறியது. முதலில் 273 நாட்கள் என்ற உச்சவரம்பு இருந்தது. 1994இல் அந்த எல்லையும் போயிற்று.

இந்த விடயத்தில் ஒரு கட்சி நல்லது, மற்றது கெட்டது என்று பிரிக்க முடியாது. எந்தக் கதவை யார் பூட்டினார்கள் என்று பார்த்தால் இரண்டு கட்சிகளின் கையிலும் சாவி இருக்கும்.

'டம்பா' என்ற கப்பலின் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

2001 ஆகஸ்டு 26. இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மரப்படகு நடுக்கடலில் பழுதாகிக் கிடந்தது. அவுஸ்திரேலிய மீட்பு மையம் கேட்டுக்கொண்டதன் பேரில், நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பலான டம்பா அங்கே போய் 433 பேரை ஏற்றியது. பெரும்பாலானோர் ஆப்கானிஸ்தானின் ஹஸாரா இனத்தவர். கப்பல் கிறிஸ்மஸ் தீவை நோக்கி வந்தது. அத்தீவு அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தம். ஆனால் ஜாவாவிலிருந்து சுமார் 350 கிலோமீற்றரும், பேர்த் நகரிலிருந்து சுமார் 2,600 கிலோமீற்றரும் தொலைவில் இருக்கிறது. பிரதமர் ஜோன் ஹோவர்டின் லிபரல் அரசு கப்பலை நுழையவிடவில்லை. நோயாளிகள் இருக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு, கப்பல் தலைவர் ஆர்னே ரின்னான் எல்லையைக் கடந்தார். விசேட படையினர் கப்பலில் ஏறினார்கள்.

அடுத்த சில நாட்களில் 'பசிபிக் தீர்வு' உருவானது. கிறிஸ்மஸ் தீவு போன்ற தொலைதூரத் தீவுகள் குடிவரவு வலயத்திலிருந்து சட்டத்தால் வெட்டி எடுக்கப்பட்டன. அங்கே கரையிறங்கினால் அவுஸ்திரேலியாவில் இறங்கியதாக ஆகாது. வந்தவர்கள் நவுறு என்ற குட்டி நாட்டுக்கும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவுக்கும் அனுப்பப்பட்டார்கள். டம்பாவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரை நியூசிலாந்து ஏற்றுக்கொண்டது.

செப்டெம்பர் 11 அன்று ஒரு கூட்டாட்சி நீதிபதி அகதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அன்றிரவுதான் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்தன. ஒரு வாரத்துக்குள் தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது. நாட்டின் மனநிலையும் மாறிவிட்டது. இந்த நாட்டுக்கு யார் வரலாம், எந்தச் சூழ்நிலையில் வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று ஹோவர்ட் பிரசாரம் செய்து நவம்பரில் வென்றார். அதன் பிறகு இந்த விவாதம் அந்த வாக்கியத்தை விட்டு விலகவே இல்லை.

பிள்ளைகளைக் கடலில் எறிந்தார்கள் என்பது உண்மையா?

பொய். 2001 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், அமைச்சர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆதாரமாக வெளியிட்ட படங்கள் படகு மூழ்கிக்கொண்டிருந்தபோது கடற்படையினர் மக்களை மீட்ட படங்கள். யாரும் பிள்ளையை எறியவில்லை என்பதைச் செனட் விசாரணை பின்னர் உறுதிசெய்தது. மறுப்பு வந்து சேர்ந்தபோது தேர்தல் முடிந்திருந்தது.

வரிசையில் நின்று வந்திருக்கலாமே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன்.

வரிசை என்றால் ஒரு தொடக்கம் வேண்டும், அது நகர வேண்டும், முன்னால் நிற்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டும். அகதிகளின் மீள்குடியேற்றத்தில் இவை மூன்றும் கிடையாது. உலக அகதிகளில் ஆண்டுதோறும் நூற்றில் ஒருவர்கூட அந்த வழியில் மூன்றாவது நாட்டுக்குப் போவதில்லை. எந்த முகாமிலிருந்து யாரை எடுப்பது என்பதை எடுக்கும் நாடு தீர்மானிக்கிறது. இருபது ஆண்டுகள் காத்திருந்தவரை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் இருந்தவரை எடுக்கலாம்.

எங்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஈழ அகதிகள் இருக்கிறார்கள். 1983இல், 1990இல், 2006க்குப் பிறகு என்று அலை அலையாகப் போனவர்கள். பலர் அங்கேயே பிறந்தவர்கள். இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் அங்கே இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. அவர்களை அரசே நேரடியாகக் கவனிக்கிறது. ஐ.நா. அகதிகள் நிறுவனம் சென்னையில் பெரும்பாலும் செய்துவந்தது, இலங்கைக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பிறந்து முப்பது வயதான ஒருவர் எந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பது? இதற்குப் பதில் சொல்லக்கூடியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இந்தோனேசியாவில் பெயர் பதிந்து பொறுமையாக இருக்கலாம் என்பார்கள். அப்படிப் பதிந்திருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வேலை செய்ய அனுமதி இல்லை. 2014 ஜூலைக்குப் பிறகு அங்கே பதிவு செய்தவர்களை ஏற்கப்போவதில்லை என்று அவுஸ்திரேலியாவே அறிவித்தது. வரிசையில் நில் என்று சொன்னவர்தான் ஜன்னலையும் மூடினார்.

இவர்கள் பொருளாதார அகதிகள் இல்லையா?

2008 முதல் 2013 வரை வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர், விசாரணையின் முடிவில், அவுஸ்திரேலிய அதிகாரிகளாலேயே உண்மையான அகதிகள் என்று ஏற்கப்பட்டார்கள். ஆப்கானியர், ஈரானியர், ஈராக்கியர், ரோஹிங்யர் அதில் அடக்கம்.

இலங்கையர் விடயத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012இல் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த சிங்கள மீனவர்களும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். அதே படகில், தம்பியை வெள்ளை வான் கடத்தலில் பறிகொடுத்த வன்னிக்காரரும் இருந்தார். இருவரையும் பிரித்தறிய ஒழுங்கான விசாரணை வேண்டும் என்பதுதான் என் வாதம். கடலில் வைத்தோ கோப்பைப் பார்த்தோ அதைச் செய்ய முடியாது. கடன் பட்டு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டியவர் எல்லாம் காசு தேடி வந்தவர் என்று நினைப்பதும் தவறு. உயிருக்கு ஓடுபவரும் டிக்கெட் எடுத்துத்தான் ஓட வேண்டும்.

கடலில் மக்கள் சாவதைத் தடுக்கத்தானே இவ்வளவு கடுமை?

இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் இலேசாக எடுத்ததில்லை. 2001 அக்டோபர் 19 அன்று, இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ஒரு படகு கவிழ்ந்து 353 பேர் இறந்தார்கள். 2010 டிசம்பர் 15 காலை, கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதிச் சிதறி 50 பேர் இறந்தார்கள். தீவுவாசிகள் பாறைமேல் நின்று உயிர்காப்பு அங்கிகளை வீசியும் காப்பாற்ற முடியவில்லை. 2008 முதல் 2013 வரையான காலத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அழைப்பு வராத படகுகள் எத்தனை என்பது கடலுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை அறையில், அண்ணன் ஏறிய படகின் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் இருக்கிறார். ஏறவே விட்டிருக்கக் கூடாது என்று அவர் சொல்லும்போது நான் எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே படகுப் பயணத்தை நிறுத்த வேண்டும் என்ற நோக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விடயங்களை அந்த நோக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

1999இல் ஹோவர்ட் அரசு தற்காலிகப் பாதுகாப்பு விசாவைக் கொண்டுவந்தது. அதை வைத்திருப்பவர் குடும்பத்தை வரவழைக்க முடியாது. வருவதை அது குறைக்கும் என்றார்கள். என்ன நடந்தது? முன்னால் வந்த கணவரிடம் போய்ச் சேர வேறு வழியில்லாத மனைவியரும் பிள்ளைகளும் படகில் ஏறினார்கள். 2001இல் மூழ்கிய அந்தப் படகில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். தகப்பன்மார் சிலர் ஏற்கெனவே அவுஸ்திரேலியாவில் இருந்தார்கள். தடுப்பதற்கென்று வைத்த விதியே அவர்களைப் படகுத்துறைக்குத் தள்ளியது.

அடுத்தது 2015 மே. அந்தமான் கடலில் ஆயிரக்கணக்கான ரோஹிங்யரும் வங்காளதேசத்தவரும் படகுகளில் கைவிடப்பட்டுக் கிடந்தார்கள். அவர்களில் சிலரையாவது மீள்குடியேற்றுவீர்களா என்று கேட்டபோது, பிரதமர் டொனி அபொட் "இல்லை, இல்லை, இல்லை" என்று மூன்று முறை சொன்னார். உயிர் காப்பதே நோக்கம் என்றால், அந்தக் கேள்விக்கான பதில் வேறாக இருந்திருக்க வேண்டும்.

2013 ஜூலை 19 என்ற திகதிக்கு என்ன முக்கியத்துவம்?

அந்தத் திகதிக்கு முந்திய கதை சுருக்கமாக: 2008இல் தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட்டின் அரசு நவுறு முகாமை மூடியது, தற்காலிக விசாவையும் ஒழித்தது. அவ்வாண்டு படகில் வந்தவர்கள் 161 பேர். 2009இல் சுமார் 2,700. வன்னியில் போர் முடிந்த ஆண்டு அது. 2012இல் 17,000, 2013இல் 20,000 என்று எண்ணிக்கை ஏறியது. இடையில் ஜூலியா கிலார்டின் அரசு, படகில் வரும் 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து 4,000 அகதிகளை ஏற்கலாம் என்று ஒரு திட்டம் போட்டது. 2011 ஆகஸ்டில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், இங்கே அதுதான் அதியுயர் நீதிமன்றம், அதைச் செல்லாது என்றது. 2012 ஆகஸ்டில் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது; அதன் பேரில் அவ்வாண்டே நவுறுவும் மனுஸும் மீண்டும் திறக்கப்பட்டன.

2013 ஜூலை 19 அன்று, மீண்டும் பிரதமராகியிருந்த ரட், இனிமேல் படகில் வருபவர் அகதி என்று நிரூபிக்கப்பட்டாலும் அவுஸ்திரேலியாவில் ஒருபோதும் குடியேற்றப்படமாட்டார் என்று அறிவித்தார். ஒரே படகுத்துறையில், ஒரே ஏஜென்சியிடம் காசு கட்டி, 18ஆம் திகதி வந்தவருக்கும் 20ஆம் திகதி வந்தவருக்கும் இரண்டு வாழ்க்கைகள். எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் அந்தத் திகதியின் இரு பக்கங்களிலும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் இன்று இங்கே தச்சு வேலை செய்கிறார். தம்பியை அவர் ஒன்பது ஆண்டுகள் தொலைபேசியில் மட்டுமே பார்த்தார்.

நவுறுவிலும் மனுஸிலும் நடந்தது என்ன?

நவுறு 21 சதுர கிலோமீற்றர். பொஸ்பேற் தோண்டி எடுத்து முடிந்த தீவு. அதன் நடுவில், வெண்பாறைகளுக்கிடையே கூடாரங்கள். 2013 ஜூலைக்குப் பிறகு இரண்டு இடங்களுக்கும் சேர்த்து மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் படகின் மூன்று எழுத்துக் குறியீடும் ஓர் இலக்கமும் உண்டு. பெயர் சொல்லி அழைக்காமல் அதைச் சொல்லித்தான் அழைத்தார்கள். எத்தனையோ பேர் இன்றும் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் பெயருக்கு முன் அந்த இலக்கத்தைச் சொல்கிறார்கள்.

2014 பெப்ரவரியில் மனுஸ் முகாமுக்குள் நடந்த வன்முறையில் 23 வயது ஈரானிய இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இன்னொரு ஈரானியர் காலில் ஏற்பட்ட கிருமித்தொற்றால் இறந்தார். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் அது தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று குயின்ஸ்லாந்து மரண விசாரணை அதிகாரி 2018இல் முடிவு சொன்னார். நவுறுவில் பிள்ளைகள் சாப்பிடாமல், பேசாமல், எழும்பாமல் கட்டிலில் சுருண்டு கிடக்கும் நிலை வந்தது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை 2018 அக்டோபரில் நவுறு அரசு வெளியேற்றியது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பாட்டிமார்களும் வீதியில் இறங்கிய பிறகு, 2019 தொடக்கத்தில் கடைசிப் பிள்ளைகள் அங்கிருந்து எடுக்கப்பட்டார்கள்.

மனுஸில் அடைத்து வைத்தது நாட்டின் அரசியலமைப்புக்கு முரண் என்று பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. தடுத்து வைக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கில் 2017இல் அவுஸ்திரேலிய அரசும் முகாம் ஒப்பந்தக்காரர்களும் 70 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா ஏற்றது. ஆண்டுக்கு 150 பேரை எடுக்கிறோம் என்று நியூசிலாந்து 2013இலேயே முன்வந்தது. அவுஸ்திரேலியா அதற்குச் சம்மதித்தது 2022இல். அந்த ஒன்பது ஆண்டு இடைவெளிக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நியூசிலாந்துக்குப் போனவர் பின்னர் இங்கே வந்துவிடுவார் என்ற பயத்துக்காக மனிதரின் இளமையை எடுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு செலவு?

அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் கணித்தபடி, ஒருவரை அந்தத் தீவுகளில் வைத்திருக்க ஆண்டுக்கு 5,70,000 அவுஸ்திரேலிய டொலருக்கும் மேல். அந்தத் தொகையில் மெல்பேர்ணில் அப்போது ஒரு வீடே வாங்கியிருக்கலாம்.

படகுகள் நின்றுவிட்டனவே. அப்படியானால் கொள்கை வென்றதுதானே?

படகுகள் ஏறத்தாழ நின்றன என்பது உண்மை. 2013 செப்டெம்பரில் தொடங்கிய 'இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை' படகுகளைக் கடலிலேயே மறித்து, வந்த வழியே திருப்பியது. பழுதான படகுகளில் வந்தவர்களைச் செம்மஞ்சள் நிற உயிர்காப்புப் படகுகளில் ஏற்றி இந்தோனேசியா நோக்கி அனுப்பியது. 2015இல் தொழிற்கட்சியும் தன் மாநாட்டில் திருப்பி அனுப்புவதை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இதில் அடிப்படை வேறுபாடு இல்லை.

ஆனால் எதனால் நின்றன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஜூலை அறிவிப்புக்குப் பிறகே, திருப்பி அனுப்புதல் தொடங்கும் முன்பே, எண்ணிக்கை சரியத் தொடங்கியது. திருப்பி அனுப்புவதுதான் நிறுத்தியது என்றால், நவுறுவில் மனிதரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது எதற்கு? நவுறுதான் நிறுத்தியது என்றால், தண்டனை யாருக்கு, எந்தக் குற்றத்துக்கு? எதிர்காலத்தில் வரக்கூடிய வேறு ஒருவரைப் பயமுறுத்துவதற்காக இவரை வாட்டுவது எனக்கு எந்தக் கணக்கிலும் நியாயமாகவில்லை. இந்த இடத்தில்தான் நான் கடுமையான கொள்கையின் ஆதரவாளர்களிடமிருந்து முற்றாகப் பிரிகிறேன்.

திருப்பி அனுப்பப்பட்டவர் பிறகு என்ன ஆனார் என்று அந்தக் கொள்கை கேட்பதில்லை. கேட்டாலும் "கடல்மேல் நடப்பவை பற்றிக் கூறமுடியாது" என்பதே அமைச்சரின் பதிலாக இருந்தது. படகு வராத நாள் வெற்றி நாளாக எண்ணப்பட்டது. அந்தப் படகில் இருந்திருக்கக்கூடியவர் எங்கே செத்தார், எங்கே மறைந்தார் என்பது எந்த எண்ணிக்கையிலும் இல்லை.

தமிழர்களின் படகுகளுக்கு என்ன ஆயிற்று?

2009 அக்டோபரில் 78 தமிழரை ஓஷியானிக் வைக்கிங் என்ற அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பல் மீட்டு இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனது. நான்கு வாரம் அவர்கள் இறங்க மறுத்தார்கள். அதே காலத்தில், மேராக் துறைமுகத்தில் 250க்கும் மேற்பட்ட தமிழர் ஒரு சரக்குப் படகிலேயே ஆறு மாதம் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்த நேரம் அது.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அவுஸ்திரேலியக் கப்பல் அவர்களைப் பிடித்து, ஏறத்தாழ ஒரு மாதம் ஜன்னல் இல்லாத அறைகளில் கடலிலேயே வைத்திருந்தது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் பாராளுமன்றத்துக்குக்கூடச் சொல்லப்படவில்லை. இந்தியாவுக்குத் திருப்ப முயன்று முடியாமல் போக, கரைக்குக் கொண்டுவந்து, சில நாட்களில் இரவோடு இரவாக நவுறுவுக்கு அனுப்பினார்கள். கடலில் தடுத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறியது. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம், மூவர் எதிர்ப் பக்கம். ஒரே ஒரு வாக்கு.

அதே 2014 ஜூலையில், இன்னொரு படகில் வந்த 41 பேர் கடலில் வைத்தே விசாரிக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். எவரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுக் கிளம்பினார்களோ அந்த அரசின் கையில் கொடுப்பதற்குக் கடலைவிட வசதியான இடம் வேறில்லை. அங்கே வழக்கறிஞர் இல்லை, சாட்சி இல்லை.

பிலோயிலா குடும்பம் பற்றிச் சொல்லுங்கள்.

பிலோயிலா குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். இறைச்சித் தொழிற்சாலை, நிலக்கரி, மாடு. தனித்தனிப் படகில் வந்து இங்கே திருமணம் செய்துகொண்ட ஒரு தமிழ்த் தம்பதியும் இங்கே பிறந்த அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அங்கே வாழ்ந்தார்கள். 2018 மார்ச்சில் விடியற்காலை அதிகாரிகள் அவர்களை அள்ளிச் சென்றார்கள். 2019இல் விமானத்தில் ஏற்றி நாடு கடத்தும்போது, ஒரு நீதிபதியின் அவசர உத்தரவால் விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

அவர்களுக்காக நின்றது அந்த ஊர். பழைமைவாதக் கட்சிக்கே காலங்காலமாக வாக்களித்து வந்த பகுதி அது. அவர்கள் யாரும் அகதிக் கொள்கை பற்றிப் பேசவில்லை. "எங்கள் குடும்பத்தைத் திருப்பித் தாருங்கள்" என்றார்கள். நான்கு ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2022இல் ஆட்சி மாறியதும் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. சட்டம் இம்மியும் மாறவில்லை. அமைச்சர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தினார். தங்களுக்காக நிற்க ஓர் ஊர் இல்லாத எத்தனை குடும்பங்கள் அதே நிலையில் இருக்கின்றன என்று அன்று நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விமானத்தில் வந்து தஞ்சம் கேட்பவர்கள்?

படகில் வந்தவர்களைவிடப் பல ஆண்டுகளாக அவர்களே மிக அதிகம். சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து விண்ணப்பிப்பவர் நவுறுவுக்கு அனுப்பப்படுவதில்லை; முடிவு வரும்வரை வெளியே வாழ்கிறார். விசா கிடைக்கக்கூடிய நாட்டில் பிறந்தவர் விமானத்தில் வருகிறார், விசா கிடைக்காத நாட்டில் பிறந்தவர் படகில் வருகிறார். ஆபத்தின் அளவோடு அதற்குத் தொடர்பு இல்லை.

"நாங்கள் முறையாக வந்தோம்" என்று தமிழர்களே எதிர்க்கிறார்களே?

எதிர்க்கிறார்கள். என் நெருங்கிய உறவினர்களிலேயே இருக்கிறார்கள். புள்ளி முறையில் படிப்பைக் காட்டி, ஆங்கிலப் பரீட்சை எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்தவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அது குடிபெயர்வுக்கான வாசல். அதில் அகதிக்கு இடமில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு, கொழும்பில் வீடு எரிந்த நிலையில் இங்கே வந்தவர்களில் பலர் எந்த விசாவில் வந்து எப்படித் தங்கினார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அன்று விசா எடுக்கக்கூடிய ஒரு படிப்பும் ஓர் உறவினரும் இருந்தது அவர்களின் அதிர்ஷ்டம். வன்னியில் பதினாறு வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோனவருக்கு அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வரும்?

காலவரையின்றி அடைத்து வைப்பது இன்னும் சட்டபூர்வமா?

2004இல் உயர் நீதிமன்றம் ஆம் என்றது: நாடற்ற ஒருவரை எங்கும் அனுப்ப முடியாவிட்டால் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கலாம். 2023 நவம்பரில், நாடற்ற ஒரு ரோஹிங்யர் தொடர்ந்த வழக்கில், அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றியது. அனுப்ப வழியில்லாதவரை அடைத்து வைப்பது தண்டனையே, அது நீதிமன்றத்தின் வேலை என்றது. பத்தொன்பது ஆண்டுகள் பிந்தி வந்த நியாயம்.

இப்போது யார் எஞ்சியிருக்கிறார்கள்?

நவுறுவில் இருந்த கடைசி அகதிகள் 2023 ஜூனில் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். செப்டெம்பரில் புதிதாக வந்தவர்கள் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டார்கள். அந்த முகாம் மூடப்படவில்லை.

இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை தொடங்கும் முன் வந்து தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு மாறலாம் என்று 2023 பெப்ரவரியில் அரசு அறிவித்தது. அந்த வாரம் எங்கள் அறையில் பெரிய மனிதர்கள் விம்மி அழுதார்கள்.

மற்றவர்கள் கதை வேறு. 2014இல் கொண்டுவந்த 'விரைவு' நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அந்த அறிவிப்பில் சேரவில்லை. அந்த நடைமுறையில் மீளாய்வு பெரும்பாலும் கோப்பைப் பார்த்தே நடந்தது, ஆளை அழைத்துக் கேட்கவில்லை, புதிய ஆதாரத்தை மிக அரிதாகவே ஏற்றது. நியாயமற்றது என்று தொழிற்கட்சியே சொன்னது. மீளாய்வு செய்த அமைப்பும் 2024இல் கலைக்கப்பட்டது. ஆனால் அது கொடுத்த முடிவுகள் அப்படியே நிற்கின்றன. அதில் நிராகரிக்கப்பட்டவர்களில் தமிழர் கணிசம். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தங்கவிடும் இடைக்கால விசா), பலர் வேலை செய்யும் உரிமைகூட இல்லாமல், பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டார்கள். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிறார்கள். 2023இல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பராவரை 600 கிலோமீற்றருக்கும் மேல் நடந்து போய்ப் பாராளுமன்றத்தின் முன் நின்றார்கள். 2024இல் மெல்பேர்ணிலுள்ள திணைக்கள அலுவலகத்தின் முன் இரவு பகலாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான், சிறுவனாகப் படகில் வந்து பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாகத் தற்காலிக விசாவிலேயே வளர்ந்த ஒரு தமிழ் இளைஞரை நாங்கள் இழந்தோம்.

நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பிலோயிலாவில் போல, ஒருவரின் கோப்பில் தலையிட அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கோப்பில் ஊரவரின் கடிதங்கள் இருப்பது உதவும். வேலை கொடுத்தவர், பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகம், கிரிக்கெட் அணித் தலைவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் போதும்: இவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், எப்படித் தெரியும், இங்கே என்ன செய்து வருகிறார். உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உணர்ச்சியான வரிகள் தேவையில்லை, திகதிகள் தேவை.

நீங்களே அந்த நிலையில் இருந்தால், முதலில் பதிவுபெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இலவசமாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். திணைக்களம் அனுப்பிய எந்தக் கடிதத்தையும், உறையைக்கூட, எறியவேண்டாம். சனிக்கிழமை வருவதானால் கடைசியாகக் கிடைத்த விசா கடிதத்தையும் நிராகரிப்பு முடிவின் எல்லாப் பக்கங்களையும் எடுத்து வாருங்கள். பிள்ளைகளின் பள்ளி அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். ஒன்பது மணியிலிருந்து இருப்பேன்.